வீதிக்கரை வீட்டில் உறங்க வழி: திருகோணமலைக்காரர்களுக்கான வாகன இரைச்சல் வழிகாட்டி

கொழும்பில் காலி வீதியோரம் குடியிருப்பவர் கேட்பது இரவும் பகலும் ஓயாத ஒரே இரைச்சலை. திருகோணமலையில் அப்படி இல்லை. நள்ளிரவுக்குப் பிறகு கண்டி வீதியிலேயே இரண்டு வாகனங்களுக்கு நடுவே தவளைச் சத்தம் கேட்கும். இங்கே நம்மை எழுப்புவது எண்ணிவிடக்கூடிய சில சத்தங்கள்தான்: சந்தியில் இயந்திரத்தை அணைக்காமல் ஆள் ஏற்றும் இரவு பஸ், ஆடும் கான் மூடியில் ஏறி இறங்கும் மீன் லொறி, சைலன்ஸரைக் கழற்றிவிட்டு உவர்மலை ஏற்றத்தில் முறுக்கும் மோட்டார் சைக்கிள், குழியில் விழுந்து பெட்டி அதிரும் வெற்று டிப்பர். இவை ஒவ்வொன்றுக்கும் நேரம் உண்டு, இடம் உண்டு, பொறுப்பான ஓர் ஆளோ அலுவலகமோ உண்டு.

இதைக் கவனிக்காமல் பலர் முதலில் மதிலை உயர்த்துகிறார்கள். பிறகு வேலியோரம் மரம் நடுகிறார்கள். இரண்டும் பலிக்காதபோது கிராம உத்தியோகத்தர் முதல் ஜனாதிபதி வரை பிரதி போட்டு ஒரு மனு எழுதுகிறார்கள். காசு போகிறது, கோபம் மிஞ்சுகிறது. கீழே நான் தருவது கேட்டு, அளந்து, வீட்டுக்குள் திருத்தி, பேசிப் பார்த்து, கடைசியில் எழுதும் ஒழுங்கு.

படி 1: ஒரு வாரம் குறித்து வையுங்கள்

படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு கொப்பியும் பேனாவும் போதும். எழுப்பிய சத்தம் ஒவ்வொன்றையும் நேரம், என்ன வாகனம், எந்த இடத்தில் எழுந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று எழுதுங்கள். இப்படி:

இரவு 10.40. கொழும்பு பஸ். சந்தியில் நின்றபடி இயந்திரம் ஓடியது. ஆறு நிமிடம்.
அதிகாலை 3.15. கூலர் லொறி. எதிர்வீட்டுக் கான் மூடி. முன்சில்லு, பின்சில்லு என இரண்டு அடி.
அதிகாலை 4.50. மோட்டார் சைக்கிள். ஏற்றத்தில் முறுக்கல். பத்து வினாடி.

‘இரவு முழுவதும் சத்தம்’ என்று சொல்பவர் வீட்டில் இப்படிக் குறித்தால், பெரும்பாலும் மூன்று நான்கு வகைச் சத்தங்களே திரும்பத் திரும்ப வருவது தெரியும். இரண்டு அடியாகக் கேட்பது வீதியின் குறை. மூடி, குழி, வேகத்தடை போன்றவை. தொடர்ந்து உறுமுவது நின்றுகொண்டிருக்கும் வாகனம். எழும்பி அடங்குவது ஓட்டுநரின் கைவேலை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. அதனால்தான் இந்தக் கொப்பியை முதலில் வைத்தேன்.

குறிப்பில் வீட்டாரையும் சேருங்கள். குழந்தை எத்தனை மணிக்கு எழுந்தது, அம்மம்மா எப்போது எழும்பி உட்கார்ந்தார் என்பதெல்லாம் பின்னால் கடிதம் எழுதும்போது எந்த டெசிபெல் கணக்கையும்விடப் பேசும். காலையில் வரும் பாண் ஆட்டோவின் மெட்டை நான் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்கென்று ரசிகர்கள் இருக்கிறார்கள்.

படி 2: அளந்து பாருங்கள், ஆனால் அளவுக்கு மேல் நம்பாதீர்கள்

கைபேசியில் ஒலி அளக்கும் செயலிகள் நிறைய உள்ளன. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் ஐபோனுக்காக இலவசமாக வெளியிட்டது அவற்றில் தரமானது. அண்ட்ராய்டில் கைபேசிக்குக் கைபேசி அளவு மாறும். ஆகவே வரும் எண்ணைச் சாட்சியமாகக் கொள்ளாமல், ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள்: அதே கைபேசி, அதே இடம், யன்னல் திறந்து ஒரு தடவை, மூடி ஒரு தடவை, முன்னறையில் ஒரு தடவை, பின்னறையில் ஒரு தடவை. வித்தியாசம்தான் உங்களுக்கு வேண்டியது.

டெசிபெல் கணக்கு நமக்குப் பழகிய கூட்டல் கணக்கு அல்ல. வீதியில் ஓடும் வாகனங்கள் இரண்டு மடங்கானால் 3 டெசிபெல்தான் கூடும். காதுக்கு அது அரிதாகவே தெரியும். 10 டெசிபெல் கூடினால்தான் சத்தம் இரண்டு மடங்கானதாக உணர்கிறோம். இதைத் திருப்பிப் பாருங்கள். வீதியில் பாதி வாகனத்தைக் குறைத்தாலும் சராசரி அளவு 3 டெசிபெல்தான் இறங்கும். ‘இந்த வீதியில் வாகனத்தைக் குறையுங்கள்’ என்று கேட்பதில் பலனில்லை என்பதற்கு இதுவே காரணம். அந்தக் கான் மூடியைச் சரிசெய்தால் அதிகாலை மூன்றேகால் மணியின் அடி அடியோடு போய்விடும். சராசரியில் அது தெரியாமல் போகலாம், உறக்கத்தில் தெரியும்.

எவ்வளவு அதிகம் என்பதற்கு ஓர் எல்லை வேண்டுமானால், உலக சுகாதார நிறுவனம் 1999இல் சொன்னது: நல்ல உறக்கத்துக்குப் படுக்கையறையின் உள்ளே தொடர் ஒலி 30 டெசிபெலையும், தனித்தனிச் சத்தங்கள் 45 டெசிபெலையும் தாண்டக்கூடாது. அதே நிறுவனம் 2018இல் ஐரோப்பியப் பகுதிக்கு வெளியிட்ட வழிகாட்டி, வீட்டுக்கு வெளியே வீதிப் போக்குவரத்தின் இரவுச் சராசரி 45க்குக் கீழே இருக்கவேண்டும் என்கிறது. மேற்கு ஐரோப்பாவில் போக்குவரத்து இரைச்சலால் ஆண்டுதோறும் குறைந்தது பத்து இலட்சம் ஆரோக்கியமான வாழ்வாண்டுகள் இழக்கப்படுவதாக 2011இல் அது கணக்கிட்டது. அதில் பெரும் பங்கு உறக்கக் கெடுதியும் எரிச்சலும். ‘இதெல்லாம் ஒரு வருத்தமா’ என்று கேட்கும் மைத்துனருக்கு இந்தப் பதில் போதும்.

படி 3: காற்றைக் கணக்கில் எடுங்கள்

காற்று வீசும் திசையில் ஒலி நிலத்தை நோக்கி வளைகிறது. எதிர்த் திசையில் மேலே எழும்பிப் போய்விடுகிறது. திருகோணமலையில் கச்சான் (தென்மேற்குப் பருவக்காற்று) காலத்தில் காற்று நிலப்பக்கமிருந்து கடலுக்கு வீசுகிறது. வாடை (வடகிழக்குப் பருவக்காற்று) காலத்தில் கடலிலிருந்து நிலத்துக்கு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் புல்மோட்டை வீதிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் வீட்டுக்குக் கச்சானில் சத்தம் கூடும். வீதிக்கு மேற்கே உள்ள வீட்டுக்கு வாடையில் கூடும். வீதியை ஒட்டிய வீட்டில் இது பெரிதாகத் தெரியாது. நூறு மீற்றர், அதற்கும் உள்ளே தள்ளி இருப்பவர்கள்தான், ‘போன மாதம் இப்படி இல்லையே’ என்று குழம்புவார்கள்.

காற்றே இல்லாத தெளிந்த இரவிலும் ஒரு வித்தை நடக்கும்: தரை குளிர்ந்து, மேலே சூடான காற்று நிற்கும்போது ஒலி கீழே வளைந்து தூரம் போகும். பகலில் கேட்காத கண்டி வீதி லொறி பாலையூற்றின் உள்ளொழுங்கையில் கேட்பது அதனால்தான். மழையில் நனைந்த தார் வேறு. சில்லின் இரைச்சலை அது கூட்டும். ஆகவே ஒரு பருவத்தில் மட்டும் அளந்துவிட்டு மதிலுக்குக் காசைக் கொட்டாதீர்கள்.

படி 4: வீட்டுக்குள் திருத்துங்கள்

காசில்லாத வேலை முதலில். படுக்கையை வீதிப்பக்க அறையிலிருந்து வளவுப்பக்க அறைக்கு மாற்றுங்கள். கட்டடத்தின் உடலே உங்களுக்கு மதில் ஆகிறது. கைபேசியில் இரண்டு அறையையும் அளந்தால் நம்புவீர்கள். நம் வீடுகளில் பெரிய முன்னறை வீட்டுத் தலைவருக்கு, பின்னறை பிள்ளைகளுக்கு அல்லது சாமான்களுக்கு என்று ஒரு வழக்கம் இருக்கிறது. அதை மாற்றுவதற்கு மேசன் வேண்டாம், மனம் வேண்டும்.

அடுத்தது துளைகள். சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், அந்தச் சுவர் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் 20 டெசிபெலுக்கு மேல் தடுக்காது. ஒலி தண்ணீரைப் போல, கிடைக்கும் ஓட்டையால் வந்துவிடும். திருகோணமலை வீடுகளில் அந்த ஓட்டைகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். யன்னலுக்கு மேலே காற்றுக்காக வைத்த துளையிட்ட சீமெந்துக் கற்கள். சுவர் உச்சிக்கும் கூரைக்கும் நடுவே மேசன் மூடாமல் விட்ட இடைவெளி. கதவின் அடிப்பக்கம். முகட்டைத் தொடாமல் ஏழெட்டு அடியில் நிற்கும் அறைச் சுவர்கள். இவற்றை வைத்துக்கொண்டு யன்னலுக்குத் தடித்த கண்ணாடி போடுவது வீண்செலவு.

யன்னலைச் சோதிக்க எளிய வழி இரண்டு. பழைய பத்திரிகையில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, சட்டத்துக்கும் யன்னலுக்கும் நடுவே வைத்து மூடுங்கள். இழுத்தால் தடையின்றி வந்துவிடுகிறதா? அங்கே இடைவெளி இருக்கிறது. நான்கு பக்கமும் இப்படி இழுத்துப் பார்த்து, வழுக்கி வந்த இடங்களில் சோக்குக்கட்டியால் கோடு போடுங்கள். இரண்டாவது, இரவில் உள்ளே விளக்கை அணைத்துவிட்டு வெளியிலிருந்து ஒருவரை டோர்ச் அடிக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் தெரியும் கோடெல்லாம் சத்தத்துக்கும் வழி. வன்பொருள் கடையில் கிடைக்கும் ஒட்டும் றப்பர் பட்டியைச் சோக்குக் கோட்டின் மேல் ஒட்டினால் பாதி வேலை முடிந்தது. உப்புக்காற்றில் வளைந்துபோன மரச்சட்டமாக இருந்தால் பட்டி போதாது. தச்சரைக் கூப்பிட்டுச் சீவிப் பொருத்தவேண்டும்.

‘எல்லாவற்றையும் அடைத்தால் வெக்கையில் வெந்து சாவதா?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. குளிர்நாட்டு ஆலோசனைகள் நமக்குப் பொருந்தாமல் போவது இந்த இடத்தில்தான். வீதிப்பக்கத்தை இறுக்கி, வளவுப்பக்கத்தைத் திறந்துவிடுவதே நம் வழி. வீதிப்பக்கத்துச் சீமெந்துக் கற்களை அடைத்தால் அதே அளவு திறப்பை வளவுப்பக்கச் சுவரில் கொடுங்கள். அந்த அறைக்கு வளவுப்பக்கச் சுவரே இல்லையென்றால், வீதிப்பக்கத் துளைக்கு வெளியே பலகையால் ஒரு பெட்டி அடித்து, அதன் வாயைக் கீழ்நோக்கி வைத்து, உள்ளே தேங்காய்த் தும்பு விரிப்பை ஒட்டலாம். காற்று வளைந்து வரும், சத்தத்தில் ஒரு பங்கு தும்பில் அடங்கும். பல்லியும் குளவியும் புகாமல் வலை அடியுங்கள். மின்விசிறியின் சீரான சத்தமும் உதவும். அது வீதிச் சத்தத்தைக் குறைக்காது. அமைதிக்கும் அடிக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்கும்.

சீலிங் இல்லாத ஓட்டு வீடும் சீற் வீடும் மேலாலேயே சத்தத்தை வாங்கும். படுக்கையறைக்கு மட்டுமாவது, விளிம்புகளில் இடைவெளி விடாமல், ஜிப்சம் பலகைச் சீலிங் போடுங்கள். ஒலியைத் தடுப்பது எடை. எடை இரண்டு மடங்கானால் ஏறத்தாழ 6 டெசிபெல் கூடுதலாகத் தடுக்கும். முட்டை அட்டை, மெல்லிய பஞ்சுப் பலகை, சீலைத் திரை ஆகியவற்றுக்கு அந்த எடை இல்லை. அறைக்குள் எதிரொலியைக் குறைப்பதோடு அவற்றின் வேலை முடிந்தது. விற்பவர் என்ன சொன்னாலும் சரி.

படி 5: மதிலும் மரமும்

மதில் உதவவேண்டுமானால் அது உங்கள் காதுக்கும் சத்தம் எழும் இடத்துக்கும் நடுவே பார்வையை மறைக்கவேண்டும். கட்டிலில் உட்கார்ந்து வீதியைப் பாருங்கள். வாகனத்தின் சில்லும் புகைக்குழாயும் தெரிகின்றனவா? தெரிந்தால் மதில் இல்லாததற்குச் சமம். பார்வை மறையும் உயரத்துக்கு வந்ததும் ஏறத்தாழ 5 டெசிபெல் குறையும். அதற்கு மேல் உயர்த்த உயர்த்தச் சிறிது சிறிதாகக் கூடும். மேல்மாடியில் படுப்பவருக்கு ஆறடி மதிலால் ஒரு பயனும் இல்லை.

சதுர மீற்றருக்கு 10 கிலோவாவது எடை வேண்டும். சீமெந்துக் கல் மதில் அதைவிடப் பல மடங்கு கனமானது. தகர வேலி அதில் பாதியைக்கூட எட்டாது. தானே அதிர்ந்து சத்தம் போடவும் செய்யும். கல் மதில் கட்டிவிட்டு நடுவே கம்பிக் கேற் வைப்பவர்கள் அந்தக் கேற் வழியாக மதிலின் பலனைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். கேற்றுக்கு உட்பக்கம் தடித்த பலகை அடியுங்கள். கட்டுவதற்கு முன் உங்கள் உள்ளூராட்சி சபையில் அனுமதியும் வீதிக் கோட்டின் அளவும் கேட்டுக்கொள்ளுங்கள். நாளை வீதி அகலமானால் மதில் போய்விடும்.

மரம் நிழலுக்கும் தூசிக்கும் நல்லது. சத்தத்துக்கு, பார்வை ஊடுருவாத அடர்ந்த காடாக 60 மீற்றர் அகலம் இருந்தால்தான் 10 டெசிபெல் குறையும் என்பது அமெரிக்க நெடுஞ்சாலைத் துறையின் கணக்கு. நம் பத்துப் பேர்ச் காணியில் ஒரு வரிசைச் சீமைக்கிளுவை என்ன செய்யும்?

படி 6: பேசுங்கள்

கொப்பியில் ஒரே வாகனம் திரும்பத் திரும்ப வந்தால், முதலில் அதன் ஓட்டுநரிடம் போங்கள். இரவில் சத்தம் வந்த கையோடு படலையில் நின்று கத்தாதீர்கள். பகலில், தரிப்பிடத்தில், தேநீர் நேரத்தில் போங்கள். “தம்பி, சந்தியில் ஆள் ஏற்றும்போது இயந்திரத்தை அணைத்துவிட முடியுமா? எதிர்வீட்டில் அம்மா படுக்கையில் இருக்கிறார்” என்றால் பெரும்பாலும் கேட்பார்கள். ஊர் சிறியது, அவருடைய உறவினர் யாராவது உங்கள் ஒழுங்கையிலேயே இருக்கக்கூடும். மோட்டார் சைக்கிள் இளைஞனிடம் நேரே போவதைவிட அவனுடைய பெரியப்பாவிடம் ஒரு வார்த்தை போடுவது வேகமாகப் பலிக்கும். கேட்காவிட்டால் வாகன இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 7: சரியான கதவைத் தட்டுங்கள்

முதல் கேள்வி, வீதி யாருடையது? கொழும்பு, கண்டிப் பக்கம் போகும் ஏ6, அநுராதபுரத்துக்குப் போகும் ஏ12, மட்டக்களப்புக்குப் போகும் ஏ15 ஆகியனவும், புல்மோட்டை வீதி போன்ற ‘பி’ வகுப்பு வீதிகளும் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. அடுத்த வகுப்பு வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. உள்வீதியும் ஒழுங்கையும் நகரத்துக்குள் நகரின் சபைக்கும், உப்புவெளிப் பக்கம் பட்டணமும் சூழலும் பிரதேச சபைக்கும், நிலாவெளியில் குச்சவெளி பிரதேச சபைக்கும் உரியவை. ஏ வீதியின் குழிக்குச் சபையில் முறையிட்டால் கடிதம் கோப்பில் உறங்கும், நீங்கள் உறங்கமாட்டீர்கள்.

ஒரு கடிதத்தில் ஒரு சத்தம் மட்டும். தமிழிலேயே எழுதலாம். இந்த மாதிரி:

“திருகோணமலை – நிலாவெளி வீதியில், இன்ன சந்திக்கு வடக்கே ஏறத்தாழ 80 மீற்றரில், கிழக்கு ஓரத்திலுள்ள வடிகான் மூடி ஆடுகிறது. கனரக வாகனம் ஏறும்போது எழும் சத்தம் அயல் வீடுகளில் உறங்குவோரை எழுப்புகிறது. ஒரு வாரக் குறிப்பும் புகைப்படமும் இணைக்கப்பட்டுள்ளன. மூடியைச் சீராகப் பொருத்தித் தருமாறும், வேலை செய்யப்படும் திகதியை எழுத்தில் அறியத்தருமாறும் கேட்டுக்கொள்கிறோம்.”

கையொப்பம் நான்கைந்து வீட்டாருடையதாக இருந்தால் நல்லது. கிராம அபிவிருத்திச் சங்கத்தின் முத்திரை இருந்தால் இன்னும் நல்லது. பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது நேரில் கொடுத்துப் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். வேகத்தடை கேட்பதாக இருந்தால் இருமுறை யோசியுங்கள். கார் மெதுவாகும், வெற்று லொறி அதில் ஏறும்போது பெட்டி அதிரும், பஸ் கியர் மாற்றி உறுமும். படுக்கையறைக்கு நேரே வேகத்தடை கேட்டு வாங்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

சைலன்ஸர் இல்லாத வாகனம் பொலிஸ் போக்குவரத்துப் பிரிவின் வேலை. மோட்டார் வாகனச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஹோர்னுக்கு 2011ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி உண்டு: 2 மீற்றர் தூரத்தில் 105 டெசிபெலையும் 7 மீற்றரில் 93 டெசிபெலையும் தாண்டக்கூடாது. ‘தினமும் அட்டகாசம்’ என்று முறையிட்டால் பொலிசாரால் செய்ய முடிவது குறைவு. ‘வெள்ளி, சனி இரவு பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே இந்தச் சந்தியில்’ என்றால் ஒரு சோதனைச் சாவடி போட முடியும். கொப்பி பயன்படும் இடம் இது. மாகாணங்களுக்கிடையே ஓடும் தனியார் பஸ்ஸுக்குத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் 1955 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

வீதியில் ஓடாமல் ஒரு காணிக்குள் இருந்து வரும் சத்தம், உதாரணமாக லொறித் தரிப்பிடம், திருத்தகம், சரக்கேற்றும் முற்றம் என்றால் சட்டம் இன்னும் தெளிவானது. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வந்த 1996ஆம் ஆண்டு ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள், காணியின் எல்லையில் அளந்து பார்க்கும் எல்லைகளைத் தருகின்றன: பிரதேச சபைப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபெல்; நகர, மாநகர சபைப் பகுதியில் 63, 50; பாடசாலை, மருத்துவமனை, நீதிமன்றம் போன்றவற்றின் எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள் 50, 45. இரவு என்பது மாலை ஆறு மணிக்கே தொடங்குகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நகர எல்லைக்கு அப்பால் ஒரு வேலி தள்ளி இருப்பவருக்குச் சட்டம் கூடுதல் அமைதியைக் கொடுக்கிறது. முறைப்பாடு மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கு. அவசர இலக்கம் 1981. அவர்களே தரமான கருவியோடு வந்து அளக்கவேண்டும். உங்கள் கைபேசி எண்ணைக் காட்டி வாதாடவேண்டாம். ஒலிபெருக்கிச் சத்தத்துக்கு 2007ஆம் ஆண்டின் உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. அது தனிக் கதை.

பதிலே வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்காதீர்கள். அதற்கு ஆவணம் இராது. ‘இன்ன திகதியிட்ட எமது கடிதத்தின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை, அதற்குப் பொறுப்பான உத்தியோகத்தரின் பதவி, இந்த வீதிப் பகுதியின் இவ்வாண்டுப் பராமரிப்புத் திட்டத்தின் பிரதி’ என்று கேளுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்லவேண்டும். அந்த விண்ணப்பம் போன கையோடு மூடி சரியாகிவிடுவதும் உண்டு.

எதுவும் நடக்கவில்லை, சத்தம் ஊரையே பாதிக்கிறது என்றால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின்கீழ் பொதுத் தொல்லையை அகற்றுமாறு நீதவான் நிபந்தனைக் கட்டளை இட முடியும். இதற்குச் சட்டத்தரணியின் துணை வேண்டும். அயலவருடனான சிறு பிணக்கை அங்கே கொண்டுபோகாதீர்கள். மத்தியஸ்த சபை போதும்.

வேலை முடிந்ததும் அதே கொப்பியில் சில இரவுகள் குறித்து, சத்தம் போயிற்றா என்று பாருங்கள். தாரால் ஒட்டுப்போட்ட குழி ஐப்பசி, கார்த்திகை மாரியில் மீண்டும் வாய் திறக்கும். அப்போது புதுக் கடிதமாகத் தொடங்காமல், பழைய கடிதத்தின் திகதியையும் அவர்கள் தந்த கோப்பு இலக்கத்தையும் தலைப்பில் போட்டு, மாரி முடிந்த கையோடு தை மாதத்திலேயே அனுப்பிவிடுங்கள்.